பச்சைக் கடுக்கா, பத்துக் கிலோ

மீன் வண்டி அந்தத் தெருவுக்குள் வந்ததே கிடையாது. தென்காசிக் கோயிலுக்கு வடக்கே நாற்பது வீடு, நாற்பதும் சைவம். முட்டை வாங்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் துணிப்பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்து மூடித்தான் எடுத்துவருவார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பின்கதவில் பெரிய அயிலை மீன் படம் போட்ட வண்டி ஒன்று, ஒவ்வொரு வீட்டுக் கோலத்தின் மேலும் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே வந்து, இராமலட்சுமியின் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

குமரகுரு வெளியே வந்தார். இராமலட்சுமியின் கொழுந்தனார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் கைபேசி.

"சரக்கு வந்துட்டு மதினி!" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீதேவிக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தி, "மருந்துச் சரக்கு. கேரளால இருந்து டைரக்ட்டா வருது," என்றார்.

"மருந்தா? மீன் வண்டிலயா?"

"கோல்ட் செயின் மெயின்டெயின் பண்ணுதாங்கம்மா. சத்து போயிறக் கூடாதுல்லா."

ஸ்ரீதேவி தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வண்டிக்காரன் ஈரச் சாக்கு ஒன்றைத் தூக்கிவந்து படியில் வைத்தான். சாக்குக்குள்ளிருந்து யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. "ஜீவனுண்டு சாரே. நல்ல வெள்ளத்துல, தண்ணியில மட்டும் இட்டுறாதீங்க, செத்துப்போவும். நனஞ்ச சாக்கால மூடி வச்சா சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்று பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

குமரகுரு சாக்கின் வாயைப் பிரித்தார். பச்சையும் கறுப்புமாக, விரல் நீளத்துக்கு, வழவழவென்று சிப்பிகள். ஒவ்வொன்றின் இடுக்கிலும் பாசி பிடித்த நார் தொங்கியது. அதில் ஒன்று மெதுவாக வாயைத் திறந்து, அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக் கடலைத் துப்பியது.

"மதினி… என்னது இது?"

"கடுக்கா," என்றாள் இராமலட்சுமி. "நீங்க கேட்டதுதான்."

இராமலட்சுமியின் கணவர் நமசிவாயம் இறந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாசியில் ஒரு காலை, கடையில் சித்தரத்தை இழுப்பறையைத் திறந்தபடியே சரிந்துவிட்டார். தென்காசியில் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அவர் கடையைத் தேடி வருவார்கள். இருநூற்றுச் சொச்சம் இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் பெயர். இராமலட்சுமி கடையின் முன்பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அவள் உடைத்து, கொட்டை எடுத்து, இடித்து, சலிக்காமல் ஒரு பொடியும் அந்தக் கடையில் விற்றதில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. இடிப்பதற்கு ஆய்க்குடியிலிருந்து இசக்கிச்செல்வி வருவாள். மற்றபடி அவர்கள் இரண்டு பேர், ஓர் உரல், ஒரு சல்லடை.

துக்கமெல்லாம் முடிந்து, ஆனி நடுவில் குமரகுரு மதுரையிலிருந்து வந்து இறங்கினார். முப்பத்துமூன்று வருஷம் சர்க்கார் அலுவலகத்தில் ஃபைல்களை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளி ஓய்வுபெற்றவர். "நீங்க ரெஸ்ட் எடுங்க மதினி. இனி நான் பாத்துக்கிடுதேன்," என்றார். ரெஸ்ட் என்ற சொல்லை அவர் அந்த ஒரு மாதத்தில் சொன்ன அளவுக்கு ஆஸ்பத்திரியில்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. இழுப்பறைகளைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி அலமாரி, 'ஹெர்பல் வெல்னெஸ்' என்று பச்சை விளக்கில் பெயர்ப்பலகை. அதுதான் திட்டம். பெயர்த்த பலகைகளை என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு, வெந்நீர் போட ஆகும் என்றார்.

கடைக் கட்டடம் குத்தாலிங்கம் மாமாவுடையது. வாசுதேவநல்லூர்க்காரர்; நமசிவாயத்தின் தாய்மாமன். எழுபத்தெட்டு வயது. அவர் சொல்லிவிட்டார்: "குமரகுரு ஒரு மாசம் நடத்திப் பாக்கட்டும். ஆடி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நான் வாறேன். வாடகைப் பத்திரம் யார் பேருக்குன்னு அன்னைக்குச் சொல்லுதேன்." ஒரு மாதம் அவளும் நடத்திப் பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தாள். "நீ எப்படிம்மா கல்லாவுல உக்காருவ?" என்று மாமா அதோடு முடித்துக்கொண்டார்.

மாமாவின் பெருமைகள் பல உண்டு. ஆனால் அவர் ராஜ்ஜியம் முழுக்க நின்றது ஒரு கரண்டி கடுக்காய்ப் பொடியின் மேல். இரவு படுக்கப்போகும் முன் வெந்நீரில் கலந்து குடிக்காவிட்டால் மறுநாள் காலை அவருக்கு விடியாது. அவருக்கு விடியாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் விடியாது. நாற்பது வருஷமாக நமசிவாயத்தின் பொடிதான். அது தீர்ந்து பத்து நாளாகியிருந்தது. "வரும்போது பொடி ரெடியா இருக்கட்டும்" என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

பொடி எப்படி இருக்கும்? கடுக்காய் கொண்டுவரும் மாடனைத்தான் குமரகுரு விரட்டிவிட்டாரே! மாடன் ராயகிரிப் பக்கத்து ஆள். வருஷா வருஷம் மலையடிவாரத்தில் பொறுக்கிக் காயவைத்த கடுக்காயைச் சாக்கில் கட்டி, பஸ் மேல் போட்டுக்கொண்டு வருவார். தண்ணீரில் போட்டால் கல்லைப் போல அமிழும் காய். குமரகுரு அவரைக் கடை வாசலில் நிறுத்தி, "பில் உண்டா? பேக்கிங் உண்டா? இது என்ன கிரேடு?" என்று கேட்டார். மாடன் கொஞ்ச நேரம் யோசித்து, "கடுக்காய் கிரேடுய்யா" என்றார். குமரகுரு கத்தினார். மாடன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, இராமலட்சுமி இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு முன்பே வாய்விளங்கம் கேட்டவருக்கு வால்மிளகு கட்டிக் கொடுத்தாயிற்று. அதிமதுரத்தைச் சுக்கு என்று சொல்லி விற்றாயிற்று. இசக்கிச்செல்வி பார்த்துவிட்டு, "யக்கா, அவிய மூக்குல பஞ்சு வச்சுட்டா வாசனை பாக்காவ?" என்று கேட்டாள்.

புதன்கிழமை அந்தப் போன் பேச்சு நடந்தது. அதற்கு முந்தின நாள் குற்றாலத்தில் மலபார் ஓட்டல் வைத்திருக்கும் இக்காவைக் குமரகுரு பார்த்திருக்கிறார். பால் சேர்க்காத தேநீர் ஒன்று மட்டும் குடித்துவிட்டு, தான் ஒன்றும் சாப்பிட வரவில்லை என்பதை நாலு தடவை சொல்லிவிட்டு, "நல்ல கடுக்கா எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். மலையாளிகளிடம் 'கடுக்காய்' என்று கேட்டால் புரியாது, 'கடுக்கா' என்று சொல்ல வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. தலச்சேரிக்காரரான இக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்குச் சரக்கு அனுப்புகிற ஆளின் நம்பரையே கொடுத்துவிட்டார்.

கூடத்தில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார் குமரகுரு. "பத்துக் கிலோ வேணும். உணங்கினது வேண்டா. ஃப்ரெஷ் வேணும்."

"பச்சக் கடுக்க தன்னே சாரே," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஜீவனோடெ வரும்."

குமரகுரு போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். "கேட்டீங்களா? ஜீவனோட வருமாம். இந்த மாடன் கொண்டாறதுல ஜீவன் எங்க இருக்கு?"

அப்போது இராமலட்சுமி அடுக்களை வாசலில் நின்றாள். அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததற்குக் காரணம் நமசிவாயம்.

பல வருஷத்துக்கு முன் ஒரு சீசனில் கண்ணூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து, பலகையைப் படித்துவிட்டு, "கடுக்க இவிடெயும் உண்டோ?" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். அம்பது கிலோ இருக்கிறது என்றாராம் நமசிவாயம். எடுத்துக் காட்டியதும் அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்து, எங்கள் ஊரில் கடுக்கா என்றால் கடலில் பாறையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் சிப்பி, உயிரோடு வாங்கிப் பொரித்துத் தின்போம் என்றிருக்கிறார். அந்தச் சிரிப்பை நமசிவாயம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு மாதம் சிரித்தார். அதற்குப் பிறகு, மொட்டை மாடியில் கடுக்காய் காயப்போடுகிற ஒவ்வொரு தடவையும், அவளை மேலே விட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது, "பாத்துக்கோ, கடலுக்கு ஓடிறப் போவுது" என்று சொல்லாமல் போனதில்லை. இருபது வருஷமாக ஒரே வேடிக்கை. இருபது வருஷமும் அவள் சிரித்தாள்.

"தம்பி," என்றாள் இராமலட்சுமி. "கடுக்காய் காய்ஞ்சதுதான வாங்கணும். பச்சைன்னா அவிய வேற எதையோ…"

"மதினி." குமரகுரு கையை உயர்த்தினார். அலுவலகத்தில் பியூனை நிறுத்தப் பழகிய கை. "சரக்கைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க அடுக்களையைப் பாருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இப்போது அது வந்து படியில் கிடந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு.

குமரகுருவுக்கு மாமா பதினொரு மணிக்கு வருவது நினைவுக்கு வந்தது. சாக்கை வேட்டியில் படாமல் இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். வண்டிக்காரன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்பது காதிலேயே ஏறவில்லை. "தண்ணியில போட்டு வைப்போம், சாவாம இருக்கும், திருப்பி அனுப்பிறலாம்," என்று குழாயடி வாளியில் நாலு கை அள்ளிப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அவள் வந்து குழாயை மூடுவதற்குள் வாளி நிரம்பிவிட்டது.

"நல்ல தண்ணில செத்துப்போவும்னு சொன்னான்ல தம்பி."

"சிப்பி தண்ணில சாவுமா? என்ன பேசுதீங்க?"

எட்டு மணிக்கு இசக்கிச்செல்வி வந்தாள். வாளியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், சுவரோரம் நின்று சட்டையை முகர்ந்துகொண்டிருந்த குமரகுருவைப் பார்த்தாள். "யக்கா, கடுக்காய் உடைக்கணும்னுதான வரச் சொன்னிய?"

"இதான் கடுக்காயாம்."

"இதையா உடைக்கணும்?" என்று அவள் உலக்கையைத் தேடியபோது குமரகுரு வெடித்தார். "எடுத்துட்டுப் போயி சிற்றாத்துல கொட்டு! மாமா வாறதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது!"

"ஞாயித்துக்கிழமை ஆத்துல ஊரே குளிச்சுக்கிட்டுக் கெடக்கு. அங்கன போயி இந்தச் சவத்தைக் கொட்டினா என்னையத் தூக்கி உள்ள போட்டுருவாவ."

"அப்ப குப்பையில போடு!"

இராமலட்சுமி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் இருந்தவை வாயைத் திறந்துகொண்டிருந்தன. மூடுகிற வழியாக இல்லை. சாக்கில் இருந்தவை இன்னும் நறநறத்தன. ஓர் எறும்பை மிதித்தால் கூட முருகா என்கிற வீடு இது. பத்துக் கிலோ உயிரை எங்கோ ஒரு பாறையிலிருந்து பிய்த்து ஐந்நூறு கிலோமீட்டர் இங்கே இழுத்து வந்தாயிற்று. வரவழைத்தது குமரகுருவின் முட்டாள்தனம் மட்டும் என்று சொல்லிவிட்டால் நிம்மதிதான். ஆனால் அந்தத் தோசைகள் அவளுக்கு நினைவிருந்தன. குமரகுருவைப் பார்த்தபோது வந்த அதே இளக்காரம், அவள் எதிர்பார்க்காமல் அவள் பக்கமும் திரும்பியது. ஒரு மனுஷனுடைய மூக்கை உடைக்க ஒரு சாக்கு உயிரைச் செலவழித்தவள். இப்போது அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொள்ளலாமா?

"ஏட்டி, இதைச் சமைக்கத் தெரியுமா உனக்கு?"

"நண்டு தெரியும். மீன் தெரியும். இது… உள்ள என்ன இருக்குன்னே தெரியலியே."

குமரகுருவின் கையிலிருந்து போனை வாங்கி இராமலட்சுமியே இக்காவை அழைத்தாள். இக்கா ஓட்டலை மூன்று நாள் பூட்டிவிட்டுத் தலச்சேரியில் தங்கை மகள் கல்யாணத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பாட்டுச் சத்தம். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் பாட்டு அமுங்கியது. பிறகு அவள் நிலைமை புரிந்து, கல்யாணப் பந்தலிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"முதல்ல தட்டிப் பாருங்க சேச்சி. வாய் திறந்து இருக்கிறதை விரலால ஒரு தட்டுத் தட்டணும். உயிருள்ளதுன்னா உடனே வாயை மூடிடும். தட்டியும் மூடலைன்னா செத்தது. அதைத் தூரப் போட்டுடணும். செத்ததைத் தின்னா ஆஸ்பத்திரி."

"தட்டுனா மூடணும்," என்றாள் இராமலட்சுமி.

"ஆமா. அப்புறம் நல்லாத் தேய்க்கணும். இடுக்குல ஒரு நார் இருக்கும், அதைப் பிடிச்சு இழுத்துப் பிய்க்கணும். தண்ணி ஊத்த வேண்டா, சட்டியில போட்டு மூடி அடுப்புல வச்சாப் போதும், அதோட வெள்ளத்துலயே வேகும். அப்ப தானாத் திறக்கும். வெந்தும் திறக்காததையும் தூரப் போடணும்."

இசக்கிச்செல்வி பின்வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு கூட்டினாள். வீட்டுப் பாத்திரம் வேண்டாம் என்று தெருமுனை அய்யாத்துரை கடையிலிருந்து புதுச் சட்டி வாங்கி வந்தாள். சட்டி எதற்கென்று அவர் கேட்டதற்கு, "மருந்து காய்ச்ச" என்று சொன்னாளாம்.

இராமலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கை எடுத்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நீங்க தொடாதிய. நான் பாத்துக்கிடுதேன்."

"தொடாம இருந்ததுக்குத்தான் இந்தப் பாடு. அந்தத் தேங்காய் நாரை எடு."

கடுக்காயைத் தட்டிப் பார்த்து நல்லதையும் சொத்தையையும் பிரித்த கைதான். முதலாவதைத் தொடும்போது உடம்பு கூசியது. மூன்றாவதற்குப் பழகிவிட்டது. வாய் திறந்த சிப்பியை நகத்தால் தட்டினாள். அது நிதானமாக, கதவைச் சாத்துவது போல மூடிக்கொண்டது. அடுத்தது. அதுவும். வாளியில் கிடந்தவற்றை எடுத்துத் தட்டினாள். பாதிக்கு மேல் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

இவ்வளவு நேரமும் குமரகுரு வாசற்படியில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். மலையாளிகளின் நேர்மையைப் பற்றி. சப்ளை செயினைப் பற்றி. மாமாவிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி. இசக்கிச்செல்வி ஒரு செத்த சிப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யக்கா, எவ்வளவு தட்டினாலும் மூட மாட்டேங்கு. தூரப் போட்டுரட்டுமா?" என்றாள்.

இராமலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

சட்டியை அடுப்பில் ஏற்றி மூடியதும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று ஓடுகள் நகர்ந்தன. பிறகு அந்த வாசனை வந்தது. அயிலை, சாளை மாதிரி இல்லை. உப்பும் பாசியும் சேர்ந்த, மழை பெய்து ஓய்ந்த பாறை போன்ற ஒரு வாசனை. அது சுவர் ஏறி, முடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. ஸ்ரீதேவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மருந்து காய்ச்சுதியளா?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். இசக்கிச்செல்வி வெந்த சதையை உருவி எடுத்து, நார் தங்கியிருந்ததைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சில்லும் வதக்கி, இராமலட்சுமி கடைக்கென்று இடித்து வைத்திருந்த மிளகை அள்ளிப் போட்டுப் பிரட்டினாள். ஆரஞ்சு நிறச் சதை மிளகில் புரண்டு சுருண்டது.

பதினொரு மணிக்கு என்று சொன்ன மாமா பத்தரைக்கே வந்துவிட்டார். வயிறு சரியில்லாதவர்கள் எங்கும் சீக்கிரம் வந்துவிடுவார்கள். வாசல் தாண்டும்போதே துண்டால் மூக்கை மூடினார். யாரும் வழிகாட்டாமல் நேராகப் பின்வாசலுக்கு வந்தார்.

அங்கே அவர் பார்த்தது: செங்கல் அடுப்பு, புதுச் சட்டி, ஒரு குன்றாகச் சிப்பி ஓடு, முழங்கை வரை ஈரமாக அவருடைய மருமகன் மனைவி.

"என்ன கண்றாவி இது?"

குமரகுரு முந்திக்கொண்டார். "மாமா, உங்களுக்குப் பொடி இடிக்கத்தான் டைரக்ட்டா ஆர்டர் போட்டேன். அந்த மலையாளத்தான் எனக்குக் கடுக்காய் குடுத்துட்டான் மாமா!"

மாமா அவரையும் ஓட்டுக் குன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "கடுக்காய் குடுத்திருந்தாத்தான் பரவால்லையேலே. அதைத்தான குடுக்கல?"

இசக்கிச்செல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உணங்கினது வேண்டாம், பச்சை வேணும்னு கேட்டாவ," என்றாள் இராமலட்சுமி. "ஜீவனோட வரும்னு அவன் சொன்னான். வந்திருக்கு."

மாமாவின் பார்வை அவள் மேல் நின்றது. கிழவருக்கு வயிறுதான் மந்தம், மூளை மந்தமில்லை. "போன் பேசும்போது நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"அவம் கேக்கது கடுக்காய் இல்ல, சிப்பின்னு உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். குமரகுரு முட்டாள் என்பது மட்டும் மிஞ்சும். கடை தானாக அவள் பக்கம் சரியும். இழுப்பறைகள் வெந்நீருக்குப் போகாது. குமரகுருவும் அதைத்தான் எதிர்பார்த்தார். அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் தன் வாழ்நாளில் அந்த மாதிரி இடத்தில் வேறு எதையும் சொன்னதில்லை.

"தெரியும் மாமா," என்றாள்.

"பாத்தீங்களா!" என்று துள்ளினார் குமரகுரு. "தெரிஞ்சுக்கிட்டே! குடும்பத்தைக் கெடுக்கணும்னே! இவங்க கையில கடையைக் குடுத்தா…"

"செத்த சும்மா இருடே." மாமா அவரைப் பார்க்கக்கூட இல்லை. "தெரிஞ்சும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த?"

இராமலட்சுமி அடுப்புக்குப் போகாமல் எஞ்சியிருந்த ஒரு சிப்பியை எடுத்தாள். அது இலேசாகத் திறந்திருந்தது. மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, நகத்தால் தட்டினாள். மூடிக்கொண்டது.

"தட்டினா மூடிக்கிடும் மாமா. உயிர் இருந்தா அப்படித்தானாம். முத நாள் கடையைக் கேட்டப்ப நீங்க தட்டினிய. அப்புறம் ஒரு மாசம் இவிய தட்டினாவ. சொல்ல வந்தேன், அடுக்களையைப் பாருன்னாவ. மூடிக்கிட்டேன். ஆனா அது தப்புத்தான். இதுக ஒரு பாவமும் பண்ணலை."

சட்டி சடசடத்தது. மாமா துண்டை மூக்கிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.

"நமசிவாயம் கடைக்கு வாறவன் மூலம்னு வருவான், வாயுன்னு வருவான், வீட்டுல சொல்லாததைச் சொல்லுவான்," என்றார் கடைசியில். "என் சங்கதி அம்புட்டும் அவனுக்குத் தெரியும். ஒருநாள் ஒருத்தர்ட்ட சொன்னதில்ல. உனக்கும் தெரியுமில்லா?"

"தெரியும்."

"நாப்பது வருசமா நீயும் சொல்லல." கிழவர் குமரகுரு பக்கம் திரும்பினார். "இவன் வந்து ஒரு மாசத்துல, என் காலைக் கடன் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. டீக்கடைக்காரன் கேக்கான், பொடி வந்துட்டா அண்ணாச்சின்னு! வாயை மூடத் தெரியாதவனுக்கு மருந்துக்கடை எதுக்குடே? சாவியை மதினிட்ட குடு."

அவள் இருபத்தெட்டு வருஷம் இடித்ததற்காக இல்லை, சலித்ததற்காக இல்லை, வாய்விளங்கத்தையும் வால்மிளகையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பதற்காக இல்லை. ஒரு கிழவருடைய மலச்சிக்கலை வெளியே சொல்லாததற்காகக் கடை கிடைத்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று இராமலட்சுமிக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் என்பதும் தப்பு. அவள் வந்தே இருபத்தெட்டுத்தான். திருத்தவில்லை. கையை நீட்டினாள்.

குமரகுரு சாவிக்கொத்தை அவள் கையில் கொடுக்காமல் திண்டின் மேல் வைத்தார். அந்தக் கையைத் தொட மாட்டாராம். இரண்டு மணி மதுரை பஸ்ஸுக்குப் போகும்போது, சட்டையை மாற்றியிருந்தார். ஆனால் பெட்டிக்குள் பழைய சட்டை இருந்தது. திருமங்கலம் வரை பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று இசக்கிச்செல்வி அடித்துச் சொன்னாள்.

அவள் கறியைத் தூக்குச்சட்டிகளில் அடைத்தாள். ஆய்க்குடியில் அவள் தெருவில் பத்து வீடு, எல்லாருக்கும் வரும். வெந்தும் திறக்காத நாலைந்தைத் தனியே எடுத்துப் போட்டாள். கரண்டியில் ஒன்றை எடுத்து ஊதித் தின்றுவிட்டுக் கண்ணை மூடினாள்.

"யக்கா, ஆட்டு ஈரல் தோத்துச்சு. ஒண்ணே ஒண்ணு தின்னு பாருங்க. யாரு பாக்கப் போறா?"

"வேண்டாம்."

"பாவம்னா?"

"அதில்லட்டி." இராமலட்சுமி எரிந்துகொண்டிருந்த கட்டையை வெளியே இழுத்தாள். "அவியளுக்கு இருபது வருசமா இதான் வேடிக்கை. கடுக்காய் கடலுக்கு ஓடிறப் போவுதும்பாவ. இப்ப கடல்லேர்ந்தே கிளம்பி வீட்டு வாசல்ல வந்து இறங்கியிருக்கு. சொன்னா மூணு நாள் உருண்டு சிரிச்சிருப்பாவ. சொல்லுததுக்குத்தான் ஆளைக் காணோம்."

இசக்கிச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி இருந்திருந்தா தம்பிக்காரரை இப்படி மாட்ட விட்டிருப்பாவளா?"

"விட்டிருக்க மாட்டாவ," என்றாள் இராமலட்சுமி. "அவிய நல்லவிய."

கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். விரலிடுக்கில் அந்த வாசனை போகவில்லை. நாலு மணிக்கு அந்தக் கையாலேயே சாவியைப் போட்டுக் கடையைத் திறந்து, கல்லாவில் உட்கார்ந்தாள். மாடனுக்குப் போன் போட்டாள். முதல் தடவை அவர் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, "பில்லு வேணுமாம்மா?" என்று கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

சாரல் விழ ஆரம்பித்தது. குற்றாலத்தில் குளித்த ஈரத் தலையோடு ஒரு அம்மாள் கடையேறி, மேலும் கீழும் பார்த்து, ஆண்கள் யாரும் இல்லையா என்று தேடிவிட்டு, "கடுக்காய் இருக்கா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரும்."

"புதுசா?"

"காய்ஞ்சது," என்றாள் இராமலட்சுமி. "நல்லாக் காய்ஞ்சது."